ஹூட் குடும்பத்தின் கொடிவழி: இரண்டு சாமுவேல், இரண்டு அலெக்சாண்டர், அவர்களுக்குப் பின் வந்தவர்கள்

வேர்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டிஷ் கடற்படையின் வரலாற்றைப் படிக்கிறவர்கள் ஹூட் என்ற குடும்பப் பெயரை அடிக்கடி சந்திப்பார்கள். சந்திக்கும்போதெல்லாம் இவர் எந்த ஹூட் என்று தடுமாறவும் செய்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு சாமுவேல்களும் இரண்டு அலெக்சாண்டர்களும் ஒரே காலத்தில் கடற்படை அதிகாரிகளாக இருந்ததுதான் இதற்குக் காரணம். இந்த நால்வரையும் பிரித்து அறிந்துகொண்டால் எஞ்சிய கொடிவழி எளிதாகிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குடும்பத்தின் பூர்வீகம் தென்மேற்கு இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்திலுள்ள மாஸ்டர்ட்டன் என்ற ஊர். அங்கிருந்து வந்த சாமுவேல் ஹூட் என்ற பாதிரியார் அண்டை மாவட்டமான சாமர்செட்டில் பட்லீ என்ற சிற்றூரின் பங்குக் குருவாக இருந்தார். அவருக்கும் மேரி ஹாஸ்கின்ஸ் என்ற பெண்மணிக்கும் 1724இல் சாமுவேலும் 1726இல் அலெக்சாண்டரும் பிறந்தார்கள். இவர்கள்தான் முதல் இணை. மூத்தவர் பிற்காலத்தில் முதலாம் விஸ்கவுண்ட் ஹூட் ஆனார் (விஸ்கவுண்ட் என்பது பாரனுக்கு மேலான ஒரு பிரபுப் பட்டம்). இளையவர் முதலாம் விஸ்கவுண்ட் பிரிட்போர்ட் ஆனார். இரண்டாவது இணை, அதே மாஸ்டர்ட்டன் குடும்பத்தின் பங்காளிக் கிளையில், டார்செட்டின் கிங்ஸ்லாந்தில் வாழ்ந்த இன்னொரு சாமுவேல் ஹூட்டின் பிள்ளைகள். அங்கே அலெக்சாண்டர் மூத்தவர், பிறந்தது 1758. சாமுவேல் இளையவர், பிறந்தது 1762. ஆக, ஓர் இணையில் அண்ணனுக்கு இருக்கும் பெயர் மற்றோர் இணையில் தம்பிக்கு இருக்கிறது.

பட்டத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதிலும் சிக்கல் உண்டு. 1778 முதல் 1782 வரையுள்ள ஆவணங்களில் "சர் சாமுவேல் ஹூட்" என்று வருபவர் மூத்த சாமுவேல். அவர் அப்போது பாரனெட், அதாவது பாரனுக்குக் கீழான பரம்பரைப் பட்டம் உடையவர். 1804க்குப் பிறகு அதே பெயரில் வருபவர் கிங்ஸ்லாந்து சாமுவேல். எனவே பெயரை நம்பாமல் ஆண்டையும் மனைவியின் பெயரையும் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பான வழி. மூத்தவரின் மனைவி, போர்ட்ஸ்மத் நகர மேயரின் மகளான சூசன்னா லின்சி. இளையவரின் மனைவி, ஸ்காட்லாந்தின் சீஃபோர்த் பிரபுவின் மகளான மேரி மெக்கன்சி.

இந்த இழையில் நான் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்று உண்டு. இதைத் "தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கடற்படை மரபு" என்று பலரும் எழுதுகிறார்கள். கொடிவழியை உற்றுப் பார்த்தால் இந்த மரபு மேலிருந்து கீழே நேராக இறங்கியதை விட, பெரியப்பன் சித்தப்பன் முறையினரிடமிருந்தும் பங்காளிகளிடமிருந்தும் பக்கவாட்டில் பரவியதே அதிகம். தொடக்கமே அப்படித்தான். பட்லீ பாதிரியார் கடல் பக்கமே போகாதவர். 1740இல் தாமஸ் ஸ்மித் என்ற கடற்படைக் கேப்டனின் வண்டி அந்த ஊரில் பழுதாகி நின்றுவிட, பாதிரியார் தம் வீட்டில் அவருக்கு இரவு தங்க இடம் கொடுத்தார் என்றும், அந்த நன்றிக்காக அவர் பையன்களைக் கப்பலுக்கு அழைத்துக்கொண்டார் என்றும் குடும்பக் கதை சொல்கிறது. 1741 ஜனவரியில் தம்பி அலெக்சாண்டர் ஸ்மித்தின் ரோம்னி கப்பலில் சேர்ந்தார். அண்ணன் சாமுவேல் அதே ஆண்டு மே மாதத்தில்தான் பின்தொடர்ந்தார்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

திருமலைக்காரன் எழுதியது:

வேர்தேடி ஐயாவுக்கு வணக்கம். எங்கள் திருகோணமலையில், கடற்படைத் தளத்துக்குள் ஆஸ்டன்பர்க் குன்றின் மேல் ஹூட் கோபுரம் என்று ஓர் இடம் இருக்கிறது. இப்போது அங்கே கடற்படை அருங்காட்சியகம் நடக்கிறது. அந்தப் பெயர் விஸ்கவுண்ட் ஹூட்டைக் குறிக்கிறது என்று சிலரும், 1941இல் மூழ்கிய எச்.எம்.எஸ். ஹூட் போர்க்கப்பலைக் குறிக்கிறது என்று சிலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன நால்வரில் இவர் யார் என்று விளக்க முடியுமா?

வேர்தேடி எழுதியது:

திருமலைக்காரன் அவர்களே, அவர் கிங்ஸ்லாந்துக் கிளையின் இளைய சாமுவேல். வைஸ் அட்மிரல் சர் சாமுவேல் ஹூட் என்ற நிலையில் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாக இருந்தவர். அந்தப் பொறுப்பில் இருக்கும்போதே 1814 டிசம்பர் 24 அன்று சென்னையில் காய்ச்சலால் இறந்தார். விஸ்கவுண்ட் ஹூட் அப்போது 90 வயதில் கிரீனிச் கடற்படை மருத்துவமனையின் ஆளுநராக இங்கிலாந்தில் இருந்தார். 1941இல் மூழ்கிய கப்பலோ ஒரு நூற்றாண்டுக்குப் பிற்பட்டது.

இந்த இளைய சாமுவேலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நால்வரில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறவர் அவரே. 1793 முதல் ஜூனோ என்ற ஃபிரிகேட்டின் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பலின்) கேப்டனாக அவர் மத்தியதரைக் கடலில் இருந்தார். பிரான்சின் தூலோன் துறைமுகம் அப்போது விஸ்கவுண்ட் ஹூட்டின் படை வசம் இருந்தது. டிசம்பரில் அந்தப் படை பின்வாங்கிவிட்ட செய்தி ஜூனோவுக்கு எட்டவில்லை. 1794 ஜனவரியில் ஓர் இரவு, நம்மவர் துறைமுகம் என்று நம்பி உள்ளே நுழைந்த கப்பல் தரை தட்டியது. படகில் வந்து ஏறியவர்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய தொப்பிகளில் இருந்த பிரெஞ்சுப் புரட்சியின் மூவர்ணப் பட்டை நிலவொளியில் தெரிந்தது. அதற்குள் தரை தட்டிய கப்பலும் மிதக்கத் தொடங்கியிருந்தது. உடனே நங்கூர வடத்தை வெட்டச் சொல்லி, வந்தவர்களைச் சிறைப்பிடித்து, கரையிலிருந்த பீரங்கிகளின் குண்டு மழையினூடே கப்பலைக் கடலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நைல் போரில் ஜெலஸ் கப்பலை நடத்தியவரும் இவரே. 1806 செப்டம்பரில் ரோஷ்ஃபோருக்கு அப்பால் நடந்த சண்டையில் ஒரு கையை இழந்தார். திருகோணமலைக்கு வந்தபோது அவர் ஒற்றைக் கை அட்மிரல்.

அவருடைய நினைவாகச் சாமர்செட்டில் பட்லீ அருகே 110 அடி உயரத் தூண் ஒன்று 1831இல் எழுப்பப்பட்டது. அதன் உச்சியில் பாய்களும் கப்பலின் பின்புறங்களும் மாறி மாறி அமைந்த கிரீடம் உண்டு. கிங்ஸ்லாந்துக்காரருக்குப் பட்லீயில் ஏன் தூண் என்ற கேள்வி கொடிவழி பார்க்கிறவர்களுக்கு எழும். பாதிரியார் வழியில்தானே பட்லீ வந்தது? விடை அண்ணன் அலெக்சாண்டரின் திருமணத்தில் இருக்கிறது. அவர் 1792இல் பட்லீ வூட்டனைச் சேர்ந்த எலிசபெத் பெரியம் என்ற பெண்மணியை மணந்தார். அந்த மண உறவால் அவர் கிளைக்கும் பட்லீ சொந்த ஊராகிவிட்டது. ஒரே ஊர் இரண்டு கிளைகளுக்கும் வெவ்வேறு காரணங்களால் உரியதானதே, இரண்டையும் ஒரே கிளையாகப் பலர் எழுதிவிடுவதற்கு முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

நங்கூரம் எழுதியது:

நல்ல தொடக்கம். ஆனால் இழையின் மையக் கருத்தை நான் ஏற்கவில்லை. கிங்ஸ்லாந்து சகோதரர்களின் தந்தை கடற்படையில் பர்சராக, அதாவது கப்பலின் உணவுப் பொருளுக்கும் உடைக்கும் கணக்குப் பார்ப்பவராகப் பணியாற்றியவர். அது தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்த தொழில் இல்லையா?

அடுத்து, எச்.எம்.எஸ். ஹூட் என்ற புகழ்பெற்ற கப்பலை எடுத்துக்கொள்வோம். 1916 மே 31 அன்று ஜட்லாந்துப் போரில் இன்வின்சிபிள் கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தபோது 1,026 பேர் இறந்தார்கள். ஆறு பேர் மட்டுமே பிழைத்தார்கள். இறந்தவர்களில் அந்தப் படைப்பிரிவின் தளபதியான ரியர் அட்மிரல் ஹோரஸ் ஹூட்டும் ஒருவர். அதே ஆண்டு செப்டம்பரில் கிளைட்பேங்கில் கட்டத் தொடங்கிய கப்பலுக்கு ஹூட் என்று பெயர் வைத்து, 1918 ஆகஸ்ட் 22 அன்று அவருடைய மனைவி எலனைக் கொண்டே அதை நீரில் இறக்கினார்கள். கப்பலின் பெயர் முறைப்படி முதலாம் விஸ்கவுண்ட் ஹூட்டைக் குறிப்பது. நீரில் இறக்கியவர் அவருடைய எள்ளுப்பேரனின் மனைவி. நேர்வழி மரபுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழஞ்சுவடி எழுதியது:

நங்கூரம் அவர்களே, எள்ளுப்பேரன் என்ற கணக்கு அச்சிலும் இணையத்திலும் பல இடங்களில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பட்டம் இறங்கிய வரிசையை எடுத்துவைத்து எண்ணினால் ஒரு தலைமுறை கூடுகிறது. பட்டத்தின் எண்ணை மட்டும் பார்த்து, நான்காம் விஸ்கவுண்டின் மகன் என்பதால் ஐந்தாம் தலைமுறை என்று கணக்கிடுவதே இதற்குக் காரணமாக இருக்கலாம்.

முதலாம் விஸ்கவுண்ட் சாமுவேலின் மகன் ஹென்றி, 1753இல் பிறந்து 1836 வரை வாழ்ந்த இரண்டாம் விஸ்கவுண்ட். ஹென்றியின் மூத்த மகன் பிரான்சிஸ் வீலர் ஹூட் தரைப்படையில் லெப்டினன்ட் கர்னல். அவர் 1814 மார்ச் 2 அன்று தெற்குப் பிரான்சில் ஏர் என்ற ஊரில் நடந்த சண்டையில், தந்தைக்கும் முந்தி, தாத்தாவுக்கும் முந்தி இறந்துவிட்டார். அதனால் அவர் ஒருபோதும் விஸ்கவுண்ட் ஆகவில்லை. பட்டம் அவரைத் தாண்டி அவருடைய மகன் சாமுவேலுக்கு, தாத்தா ஹென்றி இறந்த 1836இல், மூன்றாம் விஸ்கவுண்ட் என்று போனது. மூன்றாமவரின் மகன் பிரான்சிஸ் வீலர், 1838இல் பிறந்து 1907இல் இறந்த நான்காம் விஸ்கவுண்ட். அந்த நான்காமவரின் மூன்றாவது மகன்தான் 1870இல் பிறந்த ஹோரஸ். எனவே ஹென்றி மகன், கர்னல் பேரன், மூன்றாமவர் கொள்ளுப்பேரன், நான்காமவர் எள்ளுப்பேரன், ஹோரஸ் எள்ளுப்பேரனின் மகன். பட்டம் பெறாமல் இறந்த கர்னலை விட்டுவிட்டு எண்ணினால் மட்டுமே பழைய கணக்கு வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹென்றி அரண்மனைப் பணியில் இருந்தவர், கர்னல் தரைப்படை, நான்காமவரும் தரைப்படை. ஹோரஸுக்கு மேலே நேர்வழியில் கடற்படை அதிகாரி ஒருவரைத் தேடினால் 1816இல் இறந்த முதலாமவரிடம்தான் போய் நிற்க வேண்டும். இது வேர்தேடி அவர்களின் கருத்துக்கே துணை செய்கிறது.

மாலுமியின் மகள் எழுதியது:

பழஞ்சுவடி ஐயா சொன்ன 1814ஆம் ஆண்டைப் பற்றி ஒரு குறிப்பு. இந்தக் குடும்பத்தின் கொடிவழியையே மாற்றி எழுதிய ஆண்டு அது. மார்ச் 2இல் கர்னல் பிரான்சிஸ் போரில் இறந்தார். மே 2இல் பிரிட்போர்ட் பிரபு இறந்தார். டிசம்பர் 24இல் சென்னையில் சர் சாமுவேல் இறந்தார். அதற்கு முந்தைய நாள், டிசம்பர் 23இல், இங்கிலாந்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையின் பெயர் அலெக்சாண்டர் நெல்சன் ஹூட். பெயரின் நடுவில் நெல்சன் எப்படி வந்தது என்பதைத்தான் விளக்க விரும்புகிறேன்.

பிரிட்போர்ட் பிரபு இருமுறை மணந்தும் பிள்ளை இல்லாதவர். 1794 ஜூன் முதல் நாள் நடந்த பெரும் கடற்போருக்குப் பின் அவருக்கு அயர்லாந்தின் பாரன் பட்டம் வழங்கப்பட்டபோது, அது அவருக்குப் பின் அண்ணனின் பேரனுக்குப் போகும்படி சிறப்பு வாரிசு விதி எழுதப்பட்டது. அந்தப் பேரன் ஹென்றியின் இரண்டாவது மகன் சாமுவேல். அப்போது ஐந்து வயதுக் குழந்தை. பின்னர் கிடைத்த பிரிட்டன் பாரன் பட்டத்துக்கும் விஸ்கவுண்ட் பட்டத்துக்கும் அப்படிப்பட்ட விதி இல்லாததால் அவை 1814இல் அவரோடு அற்றுப்போயின. அயர்லாந்துப் பட்டம் மட்டும் பேரனுக்கு வந்தது. ஒரே மனிதரின் பட்டங்களில் ஒன்று பிழைத்து மற்றவை முடிந்ததை விளங்கிக்கொள்ளாமல், "பிரிட்போர்ட் வம்சம் 1814இல் முடிந்தது" என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

இந்தப் பேரன் சாமுவேல் 1810இல் சார்லட் மேரி நெல்சனை மணந்தார். நான் சொன்ன குழந்தை அலெக்சாண்டர் நெல்சன் ஹூட் இவர்களின் மகன். அவர் டிரஃபால்கர் நாயகனான அட்மிரல் நெல்சனுக்கு அண்ணன் மகள். நெல்சனுக்குச் சிசிலி மன்னர் 1799இல் கொடுத்த பிரான்டே என்ற சிற்றரசுப் பட்டமும் நிலமும் அண்ணன் வில்லியத்திடம் போயின. வில்லியத்தின் ஒரே மகன் 1808இல் இளம் வயதில் இறந்துவிட்டதால், 1835இல் வில்லியம் மறைந்தபோது எர்ல் பட்டம் சகோதரியின் மகனுக்கும், பிரான்டே சார்லட்டுக்கும் சேர்ந்தன. சார்லட் வழியாகப் பிரான்டே ஹூட் குடும்பத்துக்கு வந்தது. கடலில் நெல்சன் ஹூட்டுக்குக் கீழே பணியாற்றியவர்; 1794இல் கோர்சிக்காத் தீவின் கால்வி முற்றுகையில் வலக் கண் பார்வையை இழந்தபோது அவருடைய தளபதி விஸ்கவுண்ட் ஹூட்தான். தளபதியின் பேரனும் அவருக்குக் கீழே போரிட்டவரின் அண்ணன் மகளும் மணமக்களானதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த நெகிழ்ச்சி ஏற்படுகிறது.

நங்கூரம் எழுதியது:

பழஞ்சுவடி அவர்களின் தலைமுறைக் கணக்கு தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆயினும் ஒன்றைக் கேட்க வேண்டும். நான்கு தலைமுறை இடைவெளி விட்டு ஹோரஸ் 12 வயதில் பயிற்சிக் கப்பலான பிரிட்டானியாவில் சேர்ந்ததை எப்படி விளக்குவது? அவருக்கு வழிகாட்ட கடற்படைச் சித்தப்பா யாரும் அந்த வீட்டில் இல்லையே. பெயரே ஒரு சக்தியாக இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஹூட் என்ற பெயரோடு பிறந்த பையன், சின்னத்தில் நங்கூரம் தாங்கிய பறவையைப் பார்த்து வளர்ந்த பையன், கடலுக்குப் போவது இயல்பு. இதையும் மரபு என்று சொல்லக் கூடாதா?

வேர்தேடி எழுதியது:

நங்கூரம் அவர்களே, 1882இல் கடற்படைக்குச் சேர்ந்த ஹோரஸுக்கு உங்கள் விளக்கம் பொருந்தும். அந்தக் காலத்தில் பயிற்சிக் கப்பலும் தேர்வும் வந்துவிட்டன. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் பெயர் மட்டும் ஒரு பையனைக் கப்பலில் ஏற்றிவிடாது. அன்றைய முறையில் நூறு மாலுமிகளுக்கு நான்கு பேர் என்ற கணக்கில் பணிப்பையன்களைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை கப்பலின் கேப்டனுக்கு இருந்தது. வருங்கால அதிகாரிகளில் பெரும் பகுதியினர் அந்த வழியாகத்தான் நுழைந்தார்கள். எனவே உறவினர் ஒருவர் கேப்டனாக இருப்பதுதான் நுழைவாயில்.

கிங்ஸ்லாந்து சகோதரர்களைப் பாருங்கள். தந்தை பர்சர் என்பது உண்மை. ஆனால் பர்சருக்கு அந்த உரிமை கிடையாது. மூத்தவர் அலெக்சாண்டர் 1767இல், ஒன்பது வயதில், மூத்த சாமுவேல் ஹூட் தளபதியாக வட அமெரிக்கா சென்ற ரோம்னி கப்பலில் சேர்ந்தார். (1741இல் அண்ணன் தம்பி சேர்ந்த ரோம்னி வேறு, இது அதே பெயரில் பின்னர் கட்டப்பட்டது.) இளையவர் சாமுவேல் 1776இல் அதே மூத்த சாமுவேலின் கரேஜியஸ் கப்பலில் சேர்ந்து, பிறகு மூத்தவரின் தம்பி அலெக்சாண்டர் கேப்டனாக இருந்த ரொபஸ்ட் கப்பலுக்கு மாறி, 1778 உஷாந்துப் போரை அதில் கண்டார். 1782இல் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த செயின்ட்ஸ் போரின்போதும் அவர் மூத்த சாமுவேலின் பிரிவில்தான் இருந்தார். பிள்ளைகள் ஒவ்வொரு படியிலும் தந்தையின் கையைப் பிடித்து ஏறவில்லை; பங்காளிகளின் கையைப் பிடித்தே ஏறினார்கள்.

அந்த மூத்த பையன் அலெக்சாண்டர் பிறகு கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் ரெசல்யூஷன் கப்பலில் உலகைச் சுற்றினார். 1774 ஏப்ரலில் பசிபிக்கின் மார்க்கேசஸ் தீவுக்கூட்டத்தில் ஒரு தீவை முதலில் கண்டவர் அவர் என்பதால் குக் அதற்கு ஹூட் தீவு என்று பெயரிட்டார். 1798 ஏப்ரல் 21 அன்று, மார்ஸ் கப்பலின் கேப்டனாக, பிரெஞ்சுக் கப்பலான ஹெர்க்யூலோடு பிரிட்டனி முனைக்கு அருகே மோதினார். சண்டை தொடங்கிய சில நிமிடங்களில் தொடையில் குண்டு பாய்ந்தது. எதிரி சரணடைந்து, அந்தக் கேப்டனின் வாளைக் கையில் வாங்கும் வரை உயிர் தாங்கியிருந்தார். அப்போது அவருடைய மகனுக்கு வயது நான்கு. அந்த மகன் சர் அலெக்சாண்டர், சென்னையில் இறந்த சித்தப்பா சாமுவேலின் பாரனெட் பட்டத்தைச் சிறப்பு விதியால் பெற்றார். ஆனால் கடற்படையில் சேரவில்லை. அவருடைய இளைய மகன் ஆர்தர்தான் மீண்டும் கடலுக்குப் போய், 1885 முதல் 1889 வரை, 1886இல் சில மாதங்கள் நீங்கலாக, கடற்படைப் பிரபுக்களில் முதல்வராக, அதாவது கடற்படையின் தலைமை அதிகாரியாக இருந்து, 1892இல் ஹூட் ஆஃப் அவலான் என்ற பாரன் பட்டம் பெற்றார். ஆண் வாரிசு இல்லாததால் அந்தப் பட்டம் 1901இல் அவரோடு முடிந்தது.

ஆர்தரைப் பற்றி ஒரு சிறு செய்தி. 1891இல் நீரில் இறக்கப்பட்ட முந்தைய எச்.எம்.எஸ். ஹூட், அவர் வற்புறுத்தியதால் தன் வகைக் கப்பல்களிலிருந்து மாறுபட்டு, கனத்த பீரங்கிக் கோபுரங்களும் தாழ்ந்த மேல்தளமுமாகக் கட்டப்பட்டது. பெருங்கடலில் அது சரியாக ஓடவில்லை. 1914 நவம்பரில் போர்ட்லாந்து துறைமுகத்தின் தெற்கு வாயிலை அடைப்பதற்காக அங்கேயே அதை மூழ்கடித்தார்கள். போர்ட்லாந்து இருப்பது இக்குடும்பத்தின் பூர்வீக மாவட்டமான டார்செட்டில்.

திருமலைக்காரன் எழுதியது:

ஐயா, மிகவும் நன்றி. சென்னையில் கணவரை இழந்த மேரி மெக்கன்சி அம்மையாருக்குப் பிறகு என்ன ஆயிற்று? சர் சாமுவேலின் பட்டம் அண்ணன் மகனுக்குப் போயிற்று என்றால் அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்று புரிகிறது.

மாலுமியின் மகள் எழுதியது:

திருமலைக்காரன் அண்ணா, பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்த மூன்று வாரங்களுக்குள், 1815 ஜனவரியில், ஸ்காட்லாந்தில் தந்தை சீஃபோர்த் பிரபுவும் இறந்துவிட்டார். தம்பிகள் அனைவரும் முன்பே இறந்திருந்ததால் சீஃபோர்த் நிலங்கள் இந்த அம்மையாருக்கு வந்தன. 1817இல் அவர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட்டை மறுமணம் செய்தார். கணவர் தம் பெயரை ஸ்டூவர்ட் மெக்கன்சி என்று மாற்றிக்கொண்டார். உங்களுக்கு இது ஆர்வமூட்டும்: அந்த ஸ்டூவர்ட் மெக்கன்சிதான் 1837 முதல் 1841 வரை இலங்கையின் ஆளுநர். ஆக, முதல் கணவரின் பெயரில் கோபுரம் நிற்கும் தீவுக்கு அம்மையார் ஆளுநரின் மனைவியாக வந்தார். மெக்கன்சி கிளையைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம். இங்கே விரித்தால் ஹூட் கொடிவழியிலிருந்து விலகிவிடுவோம்.

பழஞ்சுவடி எழுதியது:

முதன்மைக் கிளையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். 1907இல் நான்காம் விஸ்கவுண்ட் இறந்தபின் பட்டம் ஹோரஸின் அண்ணன் குரோவ்னரிடம் சென்றது. அவர் 1933இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது, ஜட்லாந்தில் மாண்ட தம்பி ஹோரஸின் மூத்த மகன் சாமுவேல் ஆறாம் விஸ்கவுண்ட் ஆனார். 1910இல் பிறந்த அவருக்குத் தந்தை இறந்தபோது வயது ஐந்து. அவர் கடற்படைக்குப் போகாமல் வெளியுறவுத் துறையில் பணியாற்றினார். 1981இல் அவர் மறைந்ததும் பட்டம் தம்பி அலெக்சாண்டரிடம், ஏழாம் விஸ்கவுண்ட் என்று, வந்து சேர்ந்தது. சாமுவேலும் அலெக்சாண்டரும் மீண்டும் அண்ணன் தம்பியாக வருவதால், 20ஆம் நூற்றாண்டு ஆவணங்களைப் பார்க்கிறவர்களும் வேர்தேடி அவர்கள் முதலில் சொன்னபடி ஆண்டைச் சரிபார்த்த பிறகே கொடிவழியில் பெயரைச் சேர்க்க வேண்டும்.